கேள்விக்குறி, பிறகு

லியபாயாவில் பிப்ரவரி.
துறைமுகச் சங்கக் கட்டிடத்தின் மூன்றாம் மாடியில்
ஹீட்டர் ஒரு பக்கம் மட்டும் வேலை செய்தது.
நான்காம் பலகை அந்தப் பக்கம் இல்லை.

எதிரே குன்வால்டிஸ்.
வென்ட்ஸ்பில்ஸ்காரன், நில அளவையாளன்.
சட்டைப்பையில் கூர்சீவிய மூன்று பென்சில்கள்,
மூன்றும் ஒரே நீளம்.
பார்த்ததுமே முடிவு செய்துவிட்டேன்.

அவன் குதிரை வெளியே வந்து
என் நடுச் சிப்பாயை முறைத்தது.
யோக்கியமானவளாக இருந்தால்
என் குதிரை ஒன்றைக் காவலுக்கு நிறுத்தியிருப்பேன்.
நானோ
ராஜாவின் ஜன்னலுக்கு முட்டுக் கொடுத்திருந்த
பக்கத்துச் சிப்பாயை
இரண்டு கட்டம் தெருவில் இறக்கிவிட்டேன்.

முதல் பலகையிலிருந்து எங்கள் கேப்டன் ஏய்ஷென்ஸ்
திரும்பிப் பார்த்தார்.
விஸ்மா, என்று உதட்டை மட்டும் அசைத்தார்.
போன வாரம்தான் என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார்.

இந்த கேம்பிட்டுக்கு எங்கள் நாட்டின் பெயர்.
எங்கள் நாட்டில்கூட யாரும் ஆடுவதில்லை.
கைபேசியில் இருக்கும் யந்திரம்
இந்த இடத்தில் இரக்கமே இல்லாமல் ஒரு எண்ணைக் காட்டும்.
அயிரையை விட்டு வராலைப் பிடி என்பார்கள்.
வராலையே விட்டுவிட்டு
ஈரத் தூண்டிலோடு நான் வீடு திரும்பிய சனிக்கிழமைகள்
பதினேழு.

ஆனால் வாரத்தில் ஐந்து நாள் டிராம் ஓட்டுகிறேன்.
ஒரே தடம். எந்த வளைவு எப்போது வரும் என்று
என் இடுப்புக்கே தெரியும்.
தண்டவாளம் தீர்ந்த இடத்தில்
சக்கரம் என்ன செய்யும் என்று
ஒரு தடவையாவது
(இதை ஏய்ஷென்ஸிடம் சொன்னால்
டிப்போவுக்குப் புகார் எழுதிவிடுவார்.)

பதினோரு நிமிடம் குன்வால்டிஸ் அசையவில்லை.
கை குதிரைக்கு மேல் போய் நின்றது.
எடு. எடுத்தால் முடிந்தது.
பிறகு குதிரையை விட்டுவிட்டு
மந்திரியை நகர்த்தினான்.

அதன் பிறகு கணக்கு யாரிடமும் இல்லை.
என் ராணி பாய்ந்தாள்.
ஒரு சிப்பாயைத் தின்றாள்,
மூலையில் நின்ற யானையைத் தின்றாள்,
கடைசிப் படகைத் தவறவிட்ட சுற்றுலாக்காரியாய்
அங்கேயே மாட்டிக்கொண்டாள்.
என் ராஜா செருப்பில்லாமல் ஒரு கட்டம் ஓடினான்.
அவன் ராஜாவும் எழுந்து வந்தான்,
தெருச்சண்டை கேட்டுக் கதவைத் திறந்தவன் மாதிரி.
பிறகு என் யானையும் போனது.
இரண்டு யானைகளும்
நின்ற இடத்திலிருந்து ஓரடி வைக்காமலே செத்தன.

குளிர் மறந்தேபோனது. காது சுட்டது.
நாற்காலிக்குப் பின்னால் ஆட்கள் சேர்ந்திருந்தார்கள்;
யாரோ சூயிங்கம் மெல்வதை நிறுத்தியது கேட்டது.

இருபத்திரண்டாம் நகர்த்தலில் கை நீட்டினேன்.
அவன் கை ஈரமாக இருந்தது.

கீழே, கோட்டு மாட்டும் இடத்தில் கேட்டேன்:
குதிரையால் எடுத்திருந்தால் சுலபமாயிற்றே,
தெரியாதா?

"தெரியும்.
நீங்கள் ஆடுவது இதுதான் என்று எல்லோருக்கும் தெரியும்.
நேற்று ராத்திரி பார்த்தே வைத்திருந்தேன்.
பனியில் நூற்றிருபது கிலோமீட்டர் ஓட்டி வந்தது
ஒரு சிப்பாயை வாங்கிக்கொண்டு போகவா?"

பென்சிலை எடுத்தான். முனை ஒடிந்திருந்தது.
அடுத்ததை எடுத்தான். அதுவும்.
மூன்றாவதால் என் தாளில்
இரண்டாவது நகர்த்தலுக்குப் பக்கத்தில்
ஒரு கேள்விக்குறி.
வாசல்வரை போனவன்
தொப்பியைக் கழற்றாமல் திரும்பி வந்து
அதன் தோளை ஒட்டி
ஒரு ஆச்சரியக்குறி.

நாலரைக்கு ஒன்றரை என்று அணி தோற்றது.
ஏய்ஷென்ஸ் என்னோடு பேசவில்லை.

ஞாயிறு காலை ஐந்தரை, முதல் டிராம்.
தெருவில் ஒரு ஈ காக்கை இல்லை.
பாலத்தருகே மணியை இரண்டு முறை அடித்தேன்.
தேவையே இல்லை.