மூன்றரை அடி

பசுமலையில் எங்கள் மாடி வீட்டை
மஞ்சள் டேப்பால் அளந்துகொண்டு போனார்
குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்துப் பெண்.
பால்கனிக் கம்பிகளுக்கு நடுவே
முஷ்டியை நுழைத்துப் பார்த்தார். நுழைந்தது.
"சின்னத் தலையும் நுழையும் சார்."
யாபேஸ் அன்று சாயந்தரமே பழங்காநத்தம் போய்
வெல்டரைக் கூட்டிவந்தான்.

பினாயில் பாட்டில் பரணுக்கு ஏறியது.
எலி மருந்து வீட்டைவிட்டே போனது, எலி போகவில்லை.
தண்ணீர்த் தொட்டிக்கு மூடி, மூடிக்குப் பூட்டு,
சாவியை எங்கே மாட்டுவது என்று ஒரு சண்டை.
கலியாணமாகிப் பதினொரு வருஷத்தில்
அவ்வளவு சந்தோஷமாக நாங்கள் சண்டை போட்டதில்லை.

படிவத்தில் பதினேழாம் கேள்வி:
குழந்தை திரும்பிப் போகும்போது எப்படி எடுத்துக்கொள்வீர்கள்?
மூன்று வரி இடம் விட்டிருந்தார்கள்.
இரண்டு நாள் மேசைமேல் கிடந்து
டீ தம்ளர் வட்டம் ஒன்றை வாங்கிக்கொண்டது தாள்.
கடைசியில் "அழுவோம்" என்று எழுதினான்.
"அனுப்புவோம்" என்று நான் சேர்த்தேன்.
மூன்றாம் வரி காலியாகவே போயிற்று.

நாகஜோதி. ஏழு வயது. இரண்டாம் வகுப்பு.
இடது புருவத்தில் தழும்பு.
தகப்பன் இல்லை. தாய் தோப்பூர் ஆஸ்பத்திரியில்.
மருந்து கேட்டால் பத்து மாதம்.
அவர்கள் தந்த காகிதத்தில் இவ்வளவுதான் இருந்தது.

ஆராதனை முடிந்து செருப்புத் தேடும்போது கேட்டார்கள்:
"திருப்பிக் கொடுக்கிறதுக்கா இத்தனை பாடு, எப்சி?
ஒரேயடியாய்த் தத்தெடுக்கலாமே."
வாடகை வீட்டுக்குச் சொந்தக் காசில்
வெள்ளையடிப்பவளைப் பார்ப்பது போலப் பார்த்தார்கள்.
அதையும் அடித்திருக்கிறேன், போன மாசம்.

அலுவலகப் பெண் கிளம்பும்போது
வசனக் காலண்டரைப் பார்த்தபடி சொல்லியிருந்தார்:
"சாமி கும்பிடுற வீட்டுப் பிள்ளை.
எதுக்கும் கட்டாயப்படுத்தக் கூடாது."
எனக்குச் சுருக்கென்றது.
ராத்திரி பாத்திரம் தேய்க்கையில் தோன்றியது:
என் பிள்ளை இன்னொரு வீட்டுக்குப் போவதாயிருந்தால்
நானும் வாசலில் நின்று இதைத்தான் சொல்லியிருப்பேன்.

மறுநாள் விளக்குத்தூண் பக்கம் ஒரு கடையில்
ஸ்டிக்கர் பொட்டு கேட்டேன்.
"என்ன சைஸ்க்கா?"
முப்பத்தெட்டு வயசில் அது தெரியவில்லை எனக்கு.
என் வெறும் நெற்றியை ஒரு தரம் பார்த்துவிட்டுப்
பையன் அட்டை அட்டையாய்ப் பரப்பினான்,
கடுகளவு, மிளகளவு, பட்டாணியளவு.
"பாப்பாவுக்கா?"
ஆமாம் என்றேன்.
பாக்கிச் சில்லறையை வாங்காமலே படியிறங்கிவிட்டேன்.

இரவு ஜெபத்தை யாபேஸ் தொடங்கினான்.
ஆண்டவரே, அந்தத் தாய்க்குச் சுகம் தாரும் என்றவன்
நடுவில் நின்றுவிட்டான். ஃபேன் மட்டும் சுற்றியது.
கேட்டது கிடைத்தால் பிள்ளை போய்விடும்.
கிடைக்க வேண்டாம் என்று கேட்க
இரண்டு பேருக்கும் நாக்கு எழவில்லை.
"சீக்கிரம்" என்று நான் முடித்தேன்.
சீக்கிரம் சுகம் தாரும்.
ஆமென் சொல்ல அவனுக்கு வெகுநேரம் ஆயிற்று.

நேற்று கண்ணாடியைக் கழற்றி
மூன்றரை அடியில் புது ஆணி அறைந்து மாட்டினான்.
நின்று பார்த்தால் எனக்கு என் இடுப்பும்
அவனுக்குச் சட்டையின் கடைசிப் பொத்தானும் தெரிகின்றன.
"உயரம் சரியான்னு பாரு."
முழங்கால் போட்டேன். பக்கத்தில் அவனும்.
நெருக்கியடித்துக்கொண்டு இரண்டு முகங்கள்.
வழக்கமாக இந்த நிலையில் கண்ணை மூடிக்கொள்வோம்.
மிளகளவுப் பொட்டு ஒன்றை அட்டையிலிருந்து உரித்துக்
கண்ணாடி ஓரத்தில் ஒட்டிவைத்தேன்,
குளிக்கப் போனவள்
எடுத்து ஒட்டிவிட்டுப் போனது மாதிரி.

வியாழக்கிழமை காலை பத்து மணி என்றிருக்கிறார்கள்.
எலி இன்னும் இருக்கிறது.