கொண்டைக்குள் வலை

மண்டபத்தில் சகாயராணியிடம்
கிழிந்த வலையைக் கிலோக்கணக்கில் பேசி வாங்கினேன்.
"தென்னைக்கா? மீனா காய்க்குது
உச்சிப்புளிப் பக்கம்?"
சிரித்தபடியே ஒரு துண்டு கூடப் போட்டாள்.

குருத்தைச் சுற்றி, மட்டை இடுக்கில்
திணித்துவிட்டு இறங்கினான் காளிராசு.
மூன்றாம் நாள் மேலிருந்து கத்தினான்:
"அக்கா, ஏழு வண்டு!
கொம்போட மாட்டியிருக்கு!"

வெள்ளை ஈக்குத்தான் மனசு கேட்கவில்லை.
ஓலையெல்லாம் அடுப்படிச் சுவர் மாதிரி கரி.
கடைக்காரர் போனில்:
"புது மருந்து வந்திருக்கு, கடனுக்கே தர்றேன்."

அடி ஓலையைத் திருப்பி
லென்ஸை வைத்துப் பார்த்தேன்.
பாதிக் கூடுகள் கறுத்து,
ஒவ்வொன்றிலும் ஊசித் துளை.
ஏதோ ஒரு பொடிக் குளவி
கூலி கேட்காமல் வேலையை முடித்துப் போயிருக்கிறது.
மருந்தடித்திருந்தால்
முதலில் செத்திருப்பது அதுதான்.

மைதாக் கஞ்சி காய்ச்சித் தெளித்தேன்.
வெயிலில் காய்ந்து, கரி
அப்பளம்போல் உரிந்து விழுந்தது.

இரண்டு மரம் போனது போனதுதான்.
ஏறு கூலியும் கூடிவிட்டது,
மறைக்கவில்லை.

ஆனால் இந்த வருஷம்
மரத்திலிருந்து இறங்கிய காளிராசு
சோப்புத் தேடாமல்
அதே கையோடு இளநீர் சீவுகிறான்.
நானும் வாங்கிக் குடிக்கிறேன்.