முப்பத்துநாலு மில்லிமீட்டர்

முதல் மணிக்கூடு நாற்பத்தாறு.
முந்நூறு மீட்டர் ஆழத்திலும் தண்ணீர் புகாது என்று
அதன் முகத்திலேயே எழுதியிருந்தது.
எனக்கு நீந்தத் தெரியாது.

மச்சான் கஜமுகன் இழுத்துக்கொண்டு போய் வாங்க வைத்தது,
கிறிஸ்மஸுக்கு மறுநாள், பாதி விலைக்கு.
"கட்டியிருக்கிறது நாலு பேருக்குத் தெரிய வேணும்" என்றான்.
தெரிந்தது.
மெட்ரோவில் எதிர் இருக்கைக்குத் தெரிந்தது.
கதவு நிலைகளுக்கு, கழுவுதொட்டியின் விளிம்புக்கு,
தூக்கும்போதெல்லாம் என் மகளின் கன்னத்துக்கு.
முருங்கைக்காயில் தோசைக்கல்லைக் கட்டியதுபோல் என்
மணிக்கட்டு.

ஜனவரியில் வேறு சிக்கல்.
கோட்டின் கை அதைத் தாண்டி இறங்காது,
கையுறை அதைத் தாண்டி ஏறாது.
நடுவில் இரண்டு விரல் அகலத் தோலை
பார்க் எக்ஸ்டென்ஷன் காற்றுக்கு வாடகைக்கு விட்டிருந்தேன்.
ஆனாலும் கழற்றவில்லை.
காசு கொடுத்தது அல்லவா.

என் வேலை மொழிபெயர்ப்பு.
அகதி விசாரணைகளில்
தமிழுக்கும் பிரெஞ்சுக்கும் நடுவே ஒரு கதிரை.
அவர்கள் "நான்" என்றால் நானும் "நான்" என்பேன்.
மற்றபடி அந்த அறையில் நான் இருக்கக் கூடாது.

ஒரு மார்ச் மாதக் காலை.
பெயர் சொல்ல முடியாது.
இரண்டாவது முகாமிலிருந்து மூன்றாவதற்கு
எப்படிக் கொண்டுபோனார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.
குறிப்பெடுக்கக் கையை மேசையில் வைத்தேன்.
டொக்.
நிறுத்தினாள்.
அவள் பக்கத்திலிருந்து அந்த வட்டம் தலைகீழ்,
என்றாலும் நன்றாகவே வாசிக்கலாம்.
"நேரம் முடிஞ்சுதோ, அண்ணை?"

அதையும் மொழிபெயர்த்தேன்.
இல்லை, தொடருங்கள் என்றார் விசாரிப்பவர்.
அதையும்.
அவள் தொடர்ந்தது மூன்றாவது முகாமிலிருந்து.
நடுவில் விட்ட வழியை யாரும் கேட்கவில்லை.
கேட்க எனக்கு அனுமதியில்லை.
தீர்ப்புகளை எங்களுக்குச் சொல்வதுமில்லை.

ழான்-தலோன் தெருவில்
பழைய நகை வாங்கி விற்கும் கடை.
ஸெவான் என்ற பெண் கண்ணாடிப் பெட்டியைத் திறந்து
ஒன்றை எடுத்து வைத்தாள்.
மாரி பிஸ்கட்டைவிட மெல்லிசு.
இலக்கங்கள் இல்லை, மயிரிழைக் கோடுகள் மட்டும்.
இது பெண்களுக்கானதா என்று கேட்டேன்.
நாக்கால் ஒரு "ச்".
என் கையைப் பிடித்து அவளே வாரைப் பூட்டினாள்.
சட்டைக் கையை இழுத்துவிட்டேன்.
காணவில்லை.

மணிக்கூடு என்கிற சொல்லில் ஒரு கூடு இருக்கிறது.
இத்தனை நாள் சிங்கம் அடைக்கும் கூட்டைக் காவித் திரிந்தேன்.
இது தேன்சிட்டு கட்டியது.

குறை இல்லாமல் இல்லை.
இருட்டில் ஒன்றும் தெரியாது.
நள்ளிரவில் காரைச் சுற்றிப் பனி வழிக்கும்போது
பழையதன் பச்சை வெளிச்சத்தை நினைத்திருக்கிறேன்.
மழைக்குப் பயம்.
ஐந்தேகாலா மூன்று இருபத்தைந்தா என்று
மூக்குக் கண்ணாடியைத் தேட வேண்டும்.
தினமும் சாவி கொடுக்க வேண்டும்.

பழையது இப்போது கஜமுகனிடம்.
அவன் லாரி ஓட்டுகிறான்.
அந்தக் கையில், அந்த ஸ்டியரிங்கில்,
உண்மையைச் சொன்னால்,
அளவாகத்தான் இருக்கிறது.

நேற்று ஒருவர் பேசினார்.
மேசையில் என் கை படுவது கேட்கவில்லை.
தண்ணீர் குடித்தார், அழுதார், மறுபடி பேசினார்.
ஒருமுறைகூட என் பக்கம் திரும்பவில்லை.
வெளியே வந்தபோது ஜன்னலில் இருட்டியிருந்தது.
கழிவறைக் குழாயடியில்
சட்டைக் கையை ஒதுக்கிப் பார்த்தேன்.

பத்து இருபது.
அவர் தன் பெயரைச் சொன்ன நேரம்.
காலையில் சாவி கொடுக்க மறந்திருக்கிறேன்.