உடைசலுக்கு விலை அதிகம்

முந்திரிப் பட்டறையில் எனக்கு மூன்று தட்டு.
முழுசு, பிளவு, குருணை.
உடைந்தால் விலை இறங்கும்.
பதினோரு வருஷமாய் விரல்களுக்கு அது ஒன்றுதான் பாடம்.

இன்று ஞாயிறு.
காடாம்புலியூர்ச் செம்மண்ணில்
குத்தகைக் கொல்லையின் ஓரம்
மூன்று பைகளோடு உட்கார்ந்திருக்கிறேன்.
பண்ருட்டியில் மூன்று கடை. மூன்றும் வெள்ளை.
"அசல் சுண்ணாம்பும்மா, போட்டுப் பாரு."

போட்டுப் பார்க்க ஒரு போகம் ஆகும்.
போன போகத்து மல்லாட்டை
அமுக்கினால் பொக்கென்று காற்று.
கடலூரிலிருந்து வந்த மண் சீட்டில் ஐந்தேகால்.
"புளிச்ச மண்ணு" என்றார் சீட்டு கொடுத்த கொளஞ்சி,
இட்லி மாவைச் சொல்வது போல.

முதல் பை.
கண்ணாடி டம்ளரில் பாத்ரூம் ஆசிட் இரண்டு விரற்கடை,
ஒரு கரண்டிப் பொடி.
பேச்சே இல்லை.
ஜிப்சம்.
அதுவும் கெட்டதில்லை, காய்க்குச் சத்து,
புளிப்பைத்தான் தொடாது.
பந்தியில் சாப்பிட்டுவிட்டு
பஞ்சாயத்துக்கு முன்னால் பஸ் ஏறிவிடும் சம்பந்தி.

இரண்டாம் பை சீறியது.
நுரை விளிம்பைத் தாண்டிச் செருப்பில் வழிந்தது.
மாவுச் சல்லடையில் நிற்காமல் இறங்கியது,
அதுவும் தட்டித் தட்டி.
தூக்கும்போதே இடுப்பு சந்தேகப்பட்டிருந்தது.
நூறு கிராமை இரும்புச் சட்டியில் வறுத்தேன்.
எண்பத்தொன்று.
மீதிப் பத்தொன்பதும் தண்ணீர்.
அதைத்தான் பக்கத்துக் கொல்லை போரில்
மணிக்கணக்குப் போட்டு வாங்குகிறேனே.

மூன்றாவது காய்ந்தது, பளிச்சென்றது,
விலை பாதி.
நுரைக்கக்கூடச் செய்தது, யோசித்து யோசித்து.
சலித்தேன்.
ஒரு கண்ணுக்கு வெண்ணெய், ஒரு கண்ணுக்குச் சுண்ணாம்பு என்பார்கள்.
காற்று என் பக்கம் அடித்ததில்
எனக்கு இரண்டு கண்ணுக்கும் சுண்ணாம்பு.
துடைத்துவிட்டுப் பார்த்தால்
சல்லடை மேலே முக்கால்வாசி,
கொத்துமல்லி விதை அளவில்.
பழக்க தோஷம்,
விரல்கள் பெரிசு பெரிசாய்ப் பொறுக்கி
முதல் தரம் என்று ஒதுக்கிக்கொண்டிருந்தன.

அடி அஞ்சலாட்சி, இது வேறு பட்டறை.
இங்கே முழுசுக்கு மதிப்பில்லை.
நொறுங்கி நொறுங்கி
முகப்பவுடராய்ப் பறக்கிறதே, அதுதான் மண்ணுக்குள் நுழையும்.
கல் கல்லாகவே கிடக்கும்,
மழை நக்கி நக்கி
மூன்று வருஷம், நாலு வருஷம்.

தட்சணாமூர்த்தி ஃபோனில் சொல்கிறார்:
"கரையாமலா போயிடும்? பாதி விலை.
மெதுவா வேலை செய்யட்டுமே."

செய்யும்.
நான் இல்லையென்று சொல்லவில்லை.
ஆனால் இந்தக் கொல்லை எனக்குப் பங்குனி வரைக்கும்.
வாய்வார்த்தைக் குத்தகை.
முத்தியால்பேட்டையில் ஒருவர் தலையாட்டினால்
இன்னொரு வருஷம்.
அந்தக் கல் கரைந்து முடிகிற அன்றைக்கு
யாரோ ஒருத்தி இதே வரப்பில் காய் உடைப்பாள்,
இரண்டு பருப்பும் தோலை முட்டிக்கொண்டு நிற்கும்,
கைராசி என்பாள்.
நல்லா இருக்கட்டும்.
அவளுக்காக நான் கடன் வாங்க முடியாது.

சல்லடைக்கு எத்தனை கண் என்று கேட்கிறார்கள்.
குத்தகைக்கு எத்தனை மாதம் என்று
எந்தக் கடையிலும் கேட்கவில்லை.

சாயங்காலம் இரண்டாம் கடைக்குப் போனேன்,
சட்டியோடும் தராசோடும்.
எண்பத்தொன்றுக்குக் காசு எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன்.
அவர் சட்டியைப் பார்த்தார், வரிசையில் நின்றவர்களைப் பார்த்தார்,
குரலைத் தணித்தார்.
எண்பத்தைந்தில் முடிந்தது.

மூன்றாம் பைக் கல்லை
வேலியோரப் பலாவின் அடியில் கொட்டிவிட்டேன்.
பலாவுக்கு என்ன,
பங்குனி வந்தால் அது பாட்டுக்குக் காய்க்கும்.