பதினொரு தரம்

இலச்சினை வரைக்கும் வருது.
வட்டம் சுற்றுது.
பிறகு கறுப்பு.
பதினொரு தரம் எண்ணிப்போட்டன்.

ஸ்டான்லி வீதிக் கடையில் கரண்ட் வந்த கையோடு
அடித்தட்டைக் கழற்றுறன்:
ஒன்பது திருகாணி, ஒரு சோடா மூடிக்குள்.
விசிறிக்குள்ள கோப்பாய்ச் செம்மண்.
ராம் ரெண்டில ஒண்டை உருவி
பள்ளிக்கூட அழிறப்பரால
அதின்ர பல்லைத் தேய்க்கிறன்.

“படங்கள் போகாதுதானே?”
நிரூபா கேக்கிறது இது நாலாம் முறை.
என்ன படமெண்டு நான் கேக்கேல்லை.

மற்றத் துளையில மாத்திப் போட
எழும்பிச்சுது.
திரை நிறைய ஒரு நாய்,
பாதித் தலை வெட்டுப்பட்டு,
கண் மட்டும் பிளாஷில சிவந்து.

“இனி அணைக்காதேங்கோ” எண்டா.
மூடாமலே,
தாம்பாளம் மாதிரி ஏந்திக்கொண்டு
பருத்தித்துறை பஸ் ஏறினா.
காசு நாளைக்காம்.

சோடா மூடிக்குள்ள
ஒரு திருகாணி மிச்சம்.