இரைச்சல் நீக்கம்

பகாவில் செம்பனை வெட்டிய காட்டில்
நாலு மாடி எழும்புகிறது.
மழை விட்டதும் லேசர் ஸ்கேனர்
ஒரு சுற்று சுற்றி முடித்தது.

ராத்திரி திரையில் ஒன்பது கோடிப் புள்ளிகள்.
அசைந்ததெல்லாம் இரைச்சல், அழித்துவிடு என்பது
ஆபீஸ் விதி.
நாயை அழித்தேன். பாதி லோரியை அழித்தேன்.
சிமெண்டு மூட்டையோடு மொக்லேஸ், மூன்று இடத்தில்;
இரண்டை அழித்தேன்.

மூன்றாமிடத்தில் மூச்சு வாங்க நின்றவனுக்கு
இடது கணுக்கால் இல்லை.

தேங்கிய நீரில் பட்ட லேசர் திரும்பாது.
அங்கே தளம் வெறும் கறுப்பு ஓட்டை.
உலர்ந்ததில் நின்ற வலது பூட்ஸின் விளிம்பிலிருந்து
இடதைக் கழித்தேன்:
இரண்டு அங்குலம் தாழ்ந்திருக்கிறது தளம்.
மாடலில் அது கண்ணாடிபோல் சமம்.

படிவத்தில் 'ஆதாரம்' என்றொரு கட்டம்.
மொக்லேஸின் இடது பூட்ஸ் என்று அடித்தேன்.
ஏற்கவில்லை,
எண் கேட்கிறது.