தற்காலிகம்

மண்டபத்தில் ஐஸ் பெட்டி அடுக்கும் அறையை
ஒரு வாரத்துக்குக் கேட்டு வாங்கினேன்.
பன்னிரண்டு பேர். ஆறு பேருக்குத் திரை,
ஆறு பேருக்குத் தலையில் மாட்டும் கண்ணாடி.
பார்க்க வேண்டியது ஒன்றே:
விசைப்படகு டோக்கன் மென்பொருளின் ஒன்பது வருடம்.

ஒவ்வொரு கோப்பும் ஒரு கட்டடம்,
கை படப்பட உயரும்.
திரையில் அது உள்ளங்கை அளவு ஊர்;
சுட்டியை இழுத்தால் வருடங்கள் ஓடும்.
கண்ணாடிக்குள் அதன் தெருவிலேயே நிற்கலாம்.
டீசல் மானியக் கணக்கு
பதினாலு மாடியாய் மேலே கவிந்திருக்கும்.

எந்த வருடம் இது இப்படி வீங்கியது?
திரைக்காரர்கள் பதினெட்டு நொடியில் சொன்னார்கள்.
மற்றவர்களுக்கு நாற்பது ஆனது,
சுவரில் கை மோதி, வழி தப்பி.
வாடையிலும் குமட்டாத ரொசாரியன்
மூன்றாம் நிமிடம் வாசலுக்கு ஓடினான்.
படிவத்தில் அதற்கும் ஒரு கட்டம் இருந்தது.

மறுநாள் எதையும் மாட்டாமல் கேட்டேன்:
எது எங்கே இருந்தது?
திரைக்காரர்கள் பட்டியல் சொன்னார்கள்.
மற்றவர்கள் உடம்பைத் திருப்பினார்கள்.
"மானியத்துக்கு முதுகைக் காட்டி நின்னா
இடதுகைப் பக்கம்," என்றாள் சித்தி ஜுனைதா,
"குட்டியா ஒண்ணு. குனிஞ்சு பார்த்தேன்.
அது மட்டும் வளரவே இல்ல."

நான்கு மாதம் திரையில் பார்த்தவள் நான்.
அங்கே அது புள்ளி. தூசி என்று
ஒருமுறை துடைத்தும் இருக்கிறேன்.

இரவு கண்ணாடியோடு போய்க் குனிந்தேன்.
பதினொரு வரி.
கரை திரும்பியதா என்ற கேள்விக்கு
ஆம், இல்லை,
இரண்டுக்கும் பக்கத்தில் மூன்றாவதாக ஒரு விடை.
எழுதியவன் மர்சூக். ஒரு டிசம்பர், இரவு இரண்டு நாற்பது.
மாற்றக் குறிப்பில் ஒரே சொல்: தற்காலிகம்.

அதன்பின் ஏழு பேர் கை மாறியது.
சுற்றிலும் இடித்து இடித்துக் கட்டினார்கள்.
இதை யாரும் தொடவில்லை.
மூன்றாவது விடையில் இன்றும் ஒரு படகின் எண்.

கட்டுரையில் எழுதினேன்:
வேகத்துக்குத் திரை, இடம் நினைவிருக்கக் கண்ணாடி,
பன்னிரண்டு பேரை வைத்து அதற்குமேல் சொல்ல முடியாது.
படித்துப் பார்த்த ஒருவர் ஓரத்தில் குறித்தார்:
அந்தப் பதினொரு வரி வீண், நீக்கலாம்.

நாலரை மணி. டோக்கன் வரிசை.
பட்டனை அழுத்தியதும்
திரையில் ஒரு வட்டம் சுற்றுகிறது.
"சிஸ்டம் தூங்குது" என்கிறார் பின்னால் ஒருவர்.

தூங்கவில்லை.
முதலில் அந்த எண்ணைக் கூப்பிட்டு
நான்கு நொடி பார்க்கும்.
அப்புறம்தான் உங்கள் படகு.